ஈரடுக்குப் பாலத்தில் கேட்ட சத்தம்: சின்ன காரில் டர்போ, பெட்ரோல், பூஸ்ட் கணக்கு

மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. காலை ஆறு மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி நாங்குநேரி வரை போய்த் திரும்பினோம். வண்டி பழைய மாருதி 800. எஞ்சினுக்குப் பக்கத்தில் நானும் மச்சானும் சேர்ந்து மாட்டிய ஒரு சின்ன டர்போ. போக வர ஒரு குறையும் இல்லை. அன்றைக்கே மதியம் இரண்டு மணிக்கு ஒரு வேலையாகத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனேன். ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்துவிட்டு, வழி கிடைத்ததும் மூன்றாம் கியரிலேயே ஆக்சிலேட்டரை மிதித்தேன். தகர டப்பாவில் நாலைந்து கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியது மாதிரி ஒரு சத்தம். ஒரு நொடிதான். காலை எடுத்துவிட்டேன்.

நாக்கிங். பிளக் கொளுத்திய தீ வந்து சேரும்வரை காத்திராமல் பெட்ரோல் கலவை சிலிண்டரின் மூலையில் தானாக வெடிப்பது. டர்போ வண்டியில் இது நாலைந்து முறை கேட்டாலே பிஸ்டன் போனாலும் போய்விடும். ஆனால் பூஸ்ட் மீட்டர், அதாவது டர்போ கூடுதலாகத் தரும் காற்றழுத்தத்தைக் காட்டும் மீட்டர், காலையில் காட்டிய அதே 0.5 பாரைத்தான் மதியமும் காட்டியது. டாங்கில் அதே பெட்ரோல். செட்டிங்கில் ஒரு எண்ணைக்கூட மாற்றவில்லை. அப்புறம் ஏன் காலையில் இல்லாத சத்தம் மதியம் வந்தது?

விடை ஒரே இடத்தில் இல்லை. மூன்று இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தது. அதைச் சொல்ல டர்போவிலிருந்தே தொடங்க வேண்டும்.

எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகையில் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூஹி 1905-ல் காப்புரிமை வாங்கிய யோசனை. விற்பனைக்கு வந்த கார்களில் அது ஏறியது 1962-ல், அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயரிலும் செவ்ரலே கோர்வேரிலும். ஜெட்ஃபயரில் நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனி டாங்கே வைத்திருந்தார்கள். வண்டிக்காரர்கள் பலர் அதை ஊற்ற மறந்தார்கள். நாக்கிங் தொல்லை டர்போவின் வயதுக்குக் கொஞ்சமும் இளையதல்ல.

நம் ஆட்கள் 800-ல் டர்போ மாட்ட ஆசைப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. 1987-ல் சுஸுகி ஜப்பானில் விட்ட ஆல்டோ வொர்க்ஸ் வெறும் 543 சிசி; டர்போவோடு 64 குதிரைத்திறன். நம் 800-ன் எஞ்சின் 796 சிசி, மூன்று சிலிண்டர், 37 குதிரைத்திறன். சித்தப்பா பிள்ளைக்கு அவ்வளவு வருமென்றால் நமக்கு ஏன் வராது என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் அந்த எஞ்சின் பிஸ்டனிலிருந்து கம்ப்யூட்டர் வரை டர்போவுக்கென்றே செய்யப்பட்டது. நம்முடையது அமைதியாக ரேஷன் கடைக்குப் போய்வரச் செய்யப்பட்டது. அதன் அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது, 9-க்குக் கொஞ்சம்தான் கீழே. பூஸ்ட் ஏற்றினால் தாங்கும் எல்லை குறுகலானது.

பூஸ்ட் மீட்டர் அழுத்தத்தைக் காட்டுகிறது. எஞ்சினுக்கு வேண்டியது காற்றின் எடை. இரண்டுக்கும் நடுவே வெப்பம் நிற்கிறது. சைக்கிள் பம்பை நாலு முறை வேகமாக அடித்தால் அடிப்பாகம் சுடும் அல்லவா, அதேதான் டர்போவிலும். வெளியே 38 டிகிரி. அந்தக் காற்றை 0.5 பார் பூஸ்டுக்கு, அதாவது ஒன்றரை மடங்கு அழுத்தத்துக்கு அமுக்கினால், 65 சதவீதத் திறனில் ஓடும் சின்ன டர்போவிலிருந்து அது ஏறத்தாழ 97 டிகிரியில் வெளியே வரும். தண்ணீர் கொதிக்க மூன்று டிகிரி பாக்கி. அழுத்தம் ஒன்றரை மடங்கு, காற்றின் எடையோ 1.26 மடங்குதான். நடுவில் இன்டர்கூலர் வைத்து 55 டிகிரிக்கு இறக்கினால் அதே பூஸ்டில் எடை 1.42 மடங்காகிறது. மீட்டர் முள் இரண்டு முறையும் ஒரே இடத்தில்தான் நிற்கும். காலை 24 டிகிரியில், வண்டி ஓடும் வேகத்தில் இன்டர்கூலருக்குள் காற்று அடிக்கும்போது, எஞ்சினுக்குள் போன காற்று 40 டிகிரியை ஒட்டி இருந்தது. மதியம் பஸ்ஸின் பின்னால் ஊர்ந்தபோது 60. திருநெல்வேலியில் டர்போ வண்டி செட் பண்ணுகிறவர்கள் காலையில் செட் பண்ணிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை. அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. காற்று சூடானால் எடை குறையும். எடை குறைந்தால் பெட்ரோலும் குறைவாகத்தான் வேண்டும். அப்படியானால் அதே அளவு பெட்ரோல் போகும்போது கலவை கூடுதலாகி, மெக்கானிக் பாஷையில் ரிச்சாகி இருக்க வேண்டும். ரிச்சான கலவை நாக்கிங்கை அடக்கத்தானே செய்யும்? ஆனால் அன்றைக்கு வண்டி ரிச்சாக இல்லை, லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, இருந்தது. அதைப் புரிந்துகொள்ள பெட்ரோல் பக்கம் போக வேண்டும்.

அதற்கு முன்னால், சாமான்கள் எங்கிருந்து வந்தன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்போ, 1.3 லிட்டர் டீசல் எஞ்சினிலிருந்து கழற்றிய பழையது. சிறியது, சீக்கிரம் சுழலும், விலையும் கைக்கு எட்டும். ஒரு எச்சரிக்கை: டீசலின் புகையைவிடப் பெட்ரோலின் புகை நூறு டிகிரிக்கு மேலேயே கூடுதலாகச் சுடும். டீசல் டர்போவின் இரும்புக் கூடு அந்தச் சூட்டுக்காக வார்க்கப்பட்டதல்ல. நீண்ட நேரம் பூஸ்டிலேயே ஓட்டினால் விரிசல் விடும். எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாயை, அதாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் செய்தோம். பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டை அறுத்து ஃபிளாஞ்ச் ஒட்டிவிடலாம் என்று மச்சான் சொன்னான். பட்டறை அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

"வார்ப்புல வெல்டு வச்சா இன்னைக்கு நிக்கும் தம்பி. நாளைக்குக் காலைல ஆறிப் போயிருக்கும்லா, அப்போ வந்து பாரு."

கனத்த ஸ்டீல் பெண்டுகளை வெட்டி ஒட்டித்தான் புதிதாகச் செய்து கொடுத்தார். அது இன்றும் நிற்கிறது.

சரி, பெட்ரோல்.

எம்பிஎஃப்ஐ வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும். அதன் கம்ப்யூட்டர், அதாவது ஈசியு, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை மேப் சென்சாரால் பார்த்து, அதை வைத்துத்தான் பெட்ரோலை அளக்கிறது. டர்போ இல்லாத வண்டியில் அந்த அழுத்தம் வெளிக்காற்றைத் தாண்டவே தாண்டாது. கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கல். எனவே கம்பெனி சென்சாரின் பார்வையும் ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடும். 0.5 பார் பூஸ்டில் உள்ளே 150 கிலோபாஸ்கல் இருக்கும்; சென்சாரோ 105-க்கு மேல் வாயைத் திறக்காது. ஈசியு 105-க்கான பெட்ரோலை விட்டுவிட்டுச் சும்மா இருக்கும். மீதிக் காற்றுக்குப் பெட்ரோல் இல்லை.

இதைச் சமாளிக்கப் பட்டறைகளில் பல குறுக்குவழிகள் உண்டு. பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தைப் பல மடங்கு ஏற்றும் ரெகுலேட்டர் ஒன்று. டர்போ பைப்பில் தனியாக ஒரு இன்ஜெக்டர் வைத்து, பிரஷர் சுவிட்ச் போட்டு விடுவது இன்னொன்று. இரண்டும் ஏதோ ஒரு ஆர்பிஎம்மில் சரியாக இருக்கும். மற்ற இடங்களிலெல்லாம் குருட்டாம்போக்கு. முதல் இரண்டு மாதம் நாங்களும் சுவிட்ச் வைத்த இன்ஜெக்டரோடு ஓட்டினோம். சுவிட்ச் விழும் அந்த நொடியில் வண்டி ஒரு முக்கு முக்கும், பின்னால் கரும்புகை. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பியிருக்கும்.

ஒழுங்கான வழி, தனி ஈசியு. அமெரிக்காவில் தொடங்கிய மெகாஸ்குவர்ட், ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ போன்றவை வீட்டில் சால்டரிங் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கென்றே உள்ளவை. இவற்றில் 250 கிலோபாஸ்கல் வரை பார்க்கும் மேப் சென்சாரை வைக்கலாம். உள்ளே ஒரு கட்டம்போட்ட அட்டவணை: ஒரு பக்கம் ஆர்பிஎம், ஒரு பக்கம் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த நிலையில் சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்ற எண். அழுத்தம், வெப்பம், அந்த எண் மூன்றையும் பெருக்கி வகுத்துத்தான் இன்ஜெக்டரை எத்தனை மில்லிநொடி திறக்க வேண்டும் என்று ஈசியு முடிவுசெய்கிறது.

ஒரே ஒரு கட்டத்தை எடுத்துக் கையால் போட்டுப் பார்ப்போம். 5000 ஆர்பிஎம், 150 கிலோபாஸ்கல், காற்று 55 டிகிரி. ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 265 சிசி, 85 சதவீதம் நிரம்புகிறது என்று வைத்துக்கொண்டால் உள்ளே போவது 0.36 கிராம் காற்று. அதற்கு வேண்டிய பெட்ரோல் சுமார் 32 மில்லிகிராம். ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிஷத்துக்கு 200 சிசி விடும் இன்ஜெக்டர் அதை விட 13 மில்லிநொடி எடுக்கும். வால்வு திறந்து மூடுகிற தாமதம் ஒரு மில்லிநொடி, ஆக 14. 5000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுற்றுக்கு, அதாவது எஞ்சின் இரண்டு உருள் உருள, 24 மில்லிநொடி இருக்கிறது. 6000-ல் 20. எனவே 200 சிசி இன்ஜெக்டர் போதும், மூச்சு முட்டாது. இந்தக் கணக்கைப் போடாமல் "பெரிய இன்ஜெக்டர் போட்டால் நல்லது" என்று 400 சிசி வாங்கி மாட்டியவர்கள் ஐட்லிங்கில் அவதிப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த அளவு இன்ஜெக்டர் ஐட்லிங்கில் இரண்டு மில்லிநொடியைச் சுற்றியே திறந்து மூட வேண்டும்; அதில் பாதி தாமதத்திலேயே போய்விடும்.

நாங்கள் தவறவிட்ட ஒன்று, ரெயில் அழுத்தம், அதாவது இன்ஜெக்டருக்குப் பெட்ரோல் கொண்டுவரும் குழாயின் அழுத்தம். இன்ஜெக்டருக்குப் பின்னால் 3 பார் என்றால், முன்னால் மேனிஃபோல்டில் பூஸ்ட் 0.5 பார் எதிர்த்துத் தள்ளுகிறது. மீதி 2.5. ஓட்டம் அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தில் போவதால், இன்ஜெக்டர் 9 சதவீதம் குறைவாக விடும், அதுவும் எஞ்சின் அதிகம் கேட்கிற அதே நேரத்தில். ரெகுலேட்டரிலிருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு ஹோஸ் இழுத்துவிட்டால் பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ரெயில் அழுத்தமும் ஏறும், வித்தியாசம் 3 பாரிலேயே நிற்கும். டாங்குக்குள்ளேயே ரெகுலேட்டர் உள்ள வண்டிகளில் அந்த ஹோஸுக்கு இடமில்லை. தனி ரெகுலேட்டரும் ரிட்டர்ன் பைப்பும் போட்டாக வேண்டும்.

கலவை சரியா என்று பார்க்க, புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சார். இதன் எண்ணைப் பலர் காற்று-பெட்ரோல் விகிதமாகச் சொல்வார்கள்: 14.7, 12.5 என்று. நான் லாம்டாவில்தான் பேசுவேன். காரணம் பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது. சுத்தப் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்குச் சுமார் 14.1, 20 சதவீதம் கலந்த இ20-க்கு 13.5. சென்சாருக்கு எந்தப் பெட்ரோல் என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். சரியாக எரிந்தால் லாம்டா 1. அதற்குக் கீழே ரிச், மேலே லீன். மீட்டர்தான் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டி நம்மைக் குழப்புகிறது. சாதா ஓட்டத்தில் 1-ஐ ஒட்டி, முழு மிதியில் பூஸ்ட் இல்லாமல் 0.88, 0.5 பார் பூஸ்டில் 0.82 என்று இலக்கு வைத்திருந்தோம். பூஸ்டில் கூடுதலாக விடும் பெட்ரோல் எரிவதற்காக அல்ல. ஆவியாகிக் கலவையைக் குளிர வைப்பதற்கு.

இப்போது இ20. இந்தியாவில் முதலில் 2030 என்று வைத்த இலக்கை 2025-க்கு முன்னால் இழுத்தார்கள். 2023-ல் சில பெட்ரோல் பங்க்குகளில் தொடங்கி அப்புறம் எங்கும் வந்தது. நாங்கள் அட்டவணையை நிரப்பியது இ10 காலத்தில். 14.1-லிருந்து 13.5-க்கு இறங்கினால், அதே மில்லிநொடிக்குக் கலவை 4 சதவீதம் லீனாகும். கம்பெனி வண்டிக்கு இது பெரிய விஷயமில்லை. சாதா ஓட்டத்தில் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியு தானே திருத்திக்கொள்ளும். எங்கள் அட்டவணையில் பூஸ்ட் பகுதிக்கு அந்தத் திருத்தம் கிடையாது. போட்ட எண் போட்டதுதான். அன்று காலை நாங்குநேரி ரோட்டில் 0.82 இருக்க வேண்டிய இடத்தில் 0.85 காட்டியது. மச்சான் லேப்டாப்பைப் பார்த்துச் சொன்னான். "பரவால்ல மாப்ள, போலாம்" என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் மதியம் பதில் வந்தது. எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணம் பெட்ரோலைவிட அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். அது மட்டும் இல்லையென்றால் காலையிலேயே கேட்டிருக்கும்.

பாலத்துக்குத் திரும்புமுன் பூஸ்ட் கட்டுப்பாடு. பெட்ரோலில் ஒரு தவறு நடந்தால் கூடவும் செய்யலாம், குறையவும் செய்யலாம். பூஸ்ட் கட்டுப்பாட்டில் நடக்கும் தவறு பெரும்பாலும் மேலே மட்டும்தான் போகும்.

டர்போவின் புகைப் பக்கத்தில் ஒரு சின்ன கதவு உண்டு: வேஸ்ட்கேட். அது திறந்தால் புகை சக்கரத்தைச் சுழற்றாமல் வேறு வழியாகப் போய்விடும், பூஸ்ட் ஏறாது. கதவைத் திறப்பது ஆக்சுவேட்டர். உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் சவ்வு. டர்போ உண்டாக்கும் பூஸ்டே ஒரு ஹோஸ் வழியாக வந்து சவ்வைத் தள்ளும். ஸ்பிரிங்கை வென்றதும் கம்பி நகர்ந்து கதவு திறக்கும். ஸ்பிரிங் எவ்வளவோ, அவ்வளவுதான் பூஸ்ட்.

டீசல் டர்போவில் இந்த ஸ்பிரிங் டீசலுக்கு வேண்டிய அளவு கடினம். எங்களுடையது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள சைக்கிள் பம்பை எடுத்தோம். பம்பு ஹோஸில் ஒரு டீ ஜாயின்ட், ஒரு காலில் பிரஷர் கேஜ், மறு காலில் ஆக்சுவேட்டர். டர்போவை வைஸில் இறுக்கி, கம்பி முனையில் ஒயிட்னரால் ஒரு கோடு. மச்சான் மெதுவாக அடித்தான். 10 பிஎஸ்ஐ, கோடு அசையவில்லை. 12, இல்லை. 14-ஐத் தாண்டியதும்தான் கோடு ஒரு மயிரிழை நகர்ந்தது. அதாவது கதவு திறக்கத் தொடங்கும்போதே ஒரு பார். 800 எஞ்சினில் அதை அப்படியே மாட்டியிருந்தால் முதல் நாளே கதை முடிந்திருக்கும். 0.35 பாரில் திறக்கும் வேறு ஆக்சுவேட்டரைத் தேடி மாட்டினோம். ஐந்து நிமிடம், ஒரு சைக்கிள் பம்பு. டர்போ மாட்டுகிற யாரும் இதைச் செய்யாமல் பானட்டை மூடக்கூடாது.

ஏனென்றால், பூஸ்ட் கன்ட்ரோலர் என்று கடையில் விற்கும் எதுவும் ஸ்பிரிங்குக்குக் கீழே பூஸ்டை இறக்காது. ஏற்ற மட்டுமே செய்யும். அது செய்வது, ஆக்சுவேட்டருக்குப் போகும் காற்றில் கொஞ்சத்தைக் கசியவிட்டு அதை ஏமாற்றுவது. உள்ளே 0.5 பார் இருக்க, சவ்வுக்கு 0.35 மட்டும் தெரியும். கதவு தாமதமாகத் திறக்கும். ஈசியு கட்டுப்படுத்தும் சோலினாய்டு, அதாவது மின்சார வால்வு, இதை நொடிக்கு இருபது முப்பது தடவை திறந்து மூடிச் செய்கிறது. மலிவான வழி, கையால் திருகும் ஒரு கசிவு வால்வு. மீன் தொட்டிக்குக் காற்று விடும் வால்வு இதற்குக் கச்சிதம் என்று கேள்விப்பட்டு, டவுனில் ஒரு வண்ணமீன் கடையில் வாங்கினோம். கூடவே அதே மீன் தொட்டி ஹோஸும். அதுதான் வினை.

அந்த பிளாஸ்டிக் ஹோஸ் மீன் தொட்டிக்கானது. பானட்டுக்கு அடியில், சிவக்கச் சுடும் மேனிஃபோல்டிலிருந்து ஒரு சாண் தூரத்தில், அது வெந்த சேமியா மாதிரி ஆகிவிட்டது. பாலத்துச் சத்தத்துக்கு முன்பு ஒரு நாள், மூன்றடைப்புக்குப் பக்கத்தில் மூன்றாம் கியரில் மிதிக்கும்போது நழுவியது. சவ்வுக்கு அழுத்தமே போகவில்லை; கதவு திறக்கவில்லை; டர்போவைத் தடுக்க ஆளில்லை. முள் 0.5-ஐத் தாண்டி 0.9 போனதைப் பார்த்தேன். காலை எடுப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எஞ்சினைப் பிரித்தபோது இரண்டாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு துண்டாக விட்டிருந்தது. பிளக்கின் பீங்கானில் மிளகை இடித்துத் தூவியது மாதிரி அலுமினியப் பொடி. ஐந்து ரூபாய் ஹோஸ்.

அதன் பிறகு மூன்று காரியம் செய்தோம். ஹோஸ் எல்லாம் சூடு தாங்கும் சிலிக்கான், இரு முனையிலும் கிளிப். கைவால்வை எறிந்துவிட்டு சோலினாய்டு. அதையும் மின்சாரம் போய்விட்டால் காற்று நேரே ஆக்சுவேட்டருக்குப் போகிற மாதிரி இணைத்தோம், அப்போது பூஸ்ட் 0.35-க்கு விழுமே தவிர ஏறாது. மூன்றாவதுதான் முக்கியம்: 165 கிலோபாஸ்கல் தாண்டினால் ஈசியு பெட்ரோலை அடியோடு நிறுத்த வேண்டும். இந்த வசதி ஈசியுவில் முதல் நாளிலிருந்தே இருந்தது. நாங்கள்தான் எண் போடவில்லை.

பெட்ரோலை முதலில் ஸ்பிரிங் பூஸ்டில், 0.35-ல், முழுதாக நிரப்பிவிட்டு அப்புறம்தான் 0.5-க்கு ஏற்ற வேண்டும். மேல்வரிசைக் கட்டங்களில் முதலில் வேண்டுமென்றே கூடுதல் பெட்ரோல் போட்டு, பார்த்துப் பார்த்துக் குறைப்பதுதான் முறை. கீழிருந்து ஏற்றிப் பார்ப்பது விபரீதம். நிலையாக ஒரு கட்டத்தில் நிற்க ரோடு ஒத்துழைக்காது. வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி ஓட்டிப் பார்க்கும் டைனோ இல்லாத ஊரில் எங்களுக்குக் கைகொடுத்தது ஆடிக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி வரும் அந்தக் காற்று பணகுடி, காவல்கிணறு பக்கம் முகத்தில் அறையும்போது, நாலாம் கியரில் ஒரே வேகத்தில் போனாலே எஞ்சின் பூஸ்டில் நிற்கும். காற்றாலைகளுக்கு மட்டுமா அது வீசுகிறது? ஒருவர் ஓட்ட, ஒருவர் லேப்டாப் பார்க்க. ஓட்டுகிறவர் லேப்டாப் பார்க்கக்கூடாது.

சட்டம் இதில் எங்கள் பக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இப்படிப்பட்ட வண்டிக்குரிய இடம் கோவை கரி ஸ்பீட்வே, இருங்காட்டுக்கோட்டை மாதிரி டிராக்குகள்தான். நாங்கள் ரோட்டில் ஓட்டியதை நியாயப்படுத்தப் போவதில்லை.

இனி பாலம். வீட்டுக்கு வந்து ஈசியு பதிவுசெய்த லாக்கைத் திறந்தோம். அந்த ஒரு நொடியில் லாம்டா 0.89. 0.82-க்கும் அதற்கும் நடுவே 8 சதவீதம். அதில் 4 சதவீதம் இ20 என்று தெரியும். மீதி நாலு எங்கே?

காற்றின் வெப்பம் 75 டிகிரி என்று லாக்கில் இருந்தது. இன்டர்கூலர் இருக்கும்போது 75 வரக்கூடாதே என்று மச்சான்தான் சந்தேகப்பட்டான். மல்டிமீட்டரோடு வந்த தெர்மோகப்பிள் கம்பியை ரப்பர் பைப்புக்குள் செருகி, அடுத்த நாள் மதியம் அதே பாலம், அதே ஏற்றம், ஆனால் பூஸ்ட் 0.35-ல். கம்பி 60-ஐ ஒட்டிக் காட்டியது. ஈசியு 75 என்றது. வெப்ப சென்சாரை நாங்கள் மாட்டியிருந்தது அலுமினிய இன்டேக் மேனிஃபோல்டில். எஞ்சின் சூட்டில் மேனிஃபோல்டு காய்கிறது. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போது சென்சார் காற்றைப் பார்க்கவில்லை, தான் உட்கார்ந்திருக்கும் உலோகத்தைப் பார்க்கிறது. காற்று 75 டிகிரியென்றால் எடை குறைவு என்று நினைத்து ஈசியு பெட்ரோலை 4 சதவீதம் வெட்டிவிட்டது. உண்மையில் உள்ளே போனது 60 டிகிரிக் காற்று. நான் முன்பு சொன்ன முடிச்சு இங்கேதான் அவிழ்ந்தது.

மூன்றாவது, டைமிங். பூஸ்ட் ஏற ஏற ஒரு பிஎஸ்ஐக்கு ஒரு டிகிரி பிளக் பொறியைத் தாமதப்படுத்துவது பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு, 0.5 பாருக்கு 7 டிகிரி. அதைச் செய்திருந்தோம். ஆனால் வெப்பத்துக்கென்று எதையும் குறைக்கவில்லை. 40 டிகிரிக் காற்றுக்கு ஒத்துவந்த டைமிங் 60 டிகிரிக்கு அதிகம். அதிலும் மூன்றாம் கியரில் 2500 ஆர்பிஎம்மில் மிதித்தது. ஆர்பிஎம் குறைவாக இருக்கும்போது மூலையில் உள்ள கலவைக்குத் தானாகப் பற்றிக்கொள்ளக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. சின்ன டர்போ அங்கேயே பூஸ்ட் கொடுத்துவிடும், அதுதான் அதன் அழகு, அதுவேதான் வினையும்.

தனித்தனியாக இந்த மூன்றில் எதுவும் எஞ்சினைக் கொல்லாது. 32 மில்லிகிராமில் 4 சதவீதம் என்பது ஒரு மில்லிகிராமும் சொச்சமும். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்ததுதான் சிக்கல். காலையில் மூன்றில் ஒன்று மட்டுமே இருந்தது. குளிர்ந்த காற்று அதை மூடி மறைத்தது.

சென்சாரை இன்டர்கூலருக்கு அடுத்த ரப்பர் பைப்பில், பிளாஸ்டிக் உறைக்குள் மாற்றி வைத்தோம். 45 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் ஒரு டிகிரி டைமிங் குறையும்படி அட்டவணை. பூஸ்ட் வரிசைகள் எல்லாவற்றிலும் 4 சதவீதம் பெட்ரோல் கூடுதல். இன்டர்கூலருக்கு முன்னால் ஒரு பழைய ரேடியேட்டர் ஃபேன். நாக்கிங்கைக் கேட்க, ஒரு சாண் செம்புக் குழாயின் நுனியைத் தட்டி நசுக்கித் துளை போட்டு எஞ்சின் பிளாக்கில் போல்ட்டால் இறுக்கி, மறுமுனையில் ரப்பர் ஹோஸ், அதன் முடிவில் காதை அடைக்கும் மஃப். இந்த எஞ்சினின் 68.5 மில்லிமீட்டர் சிலிண்டரில் நாக்கிங் ஏறத்தாழ 8.4 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும். அந்தக் குழாயில் அது கரகரவென்று தெளிவாக வரும்.

அடுத்த வாரமும் மதியம் இரண்டு மணி, அதே பாலம். பஸ்ஸுக்காகக் காத்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, அதுவே முன்னால் வந்து நின்றது. மச்சான் மஃபை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். மிதித்தேன். 0.5 பார், காற்று 58 டிகிரி, லாம்டா 0.81. உச்சியைத் தாண்டி இறங்கும்போது மஃபைக் கழற்றி, "பஸ் ஹாரன்தான் கேக்குது" என்றான்.